நகை செய்யப் பழகுபவர்களுக்கு: கோளாறைப் பார்த்துக் கருவியைத் திருத்துதல்

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றில் ஓர் அறையை ஒதுக்கி, வெள்ளித் தகடும் கம்பியும் வாங்கிவைத்து நகை செய்யத் தொடங்குபவர்களில் பலர், சில வாரங்களிலேயே தமக்குக் கைத்திறன் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. தகட்டின் தடிப்புக்குப் பொருந்தாத வாள் அலகு, பொருளின் பருமனுக்குப் போதாத சுடர், பல் வெட்டிய வாயுள்ள குறடு ஆகியவையே தொடக்கநிலைக் கோளாறுகளில் பெரும்பங்கை உண்டாக்குகின்றன. ஆகவே பெட்டியாக விற்கப்படும் முழுக் கருவித் தொகுதியை ஒரே தடவையில் வாங்காமல், எந்தக் கோளாறு தோன்றுகிறதோ அதற்குரிய கருவியை மட்டும் நல்லதாக வாங்குவதே சரியான வழி. பாதுகாப்புச் சாதனங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவை முதல் கம்பியை வெட்டுவதற்கு முன்னரே வீட்டில் இருக்க வேண்டும். அதனால் உடலில் தோன்றும் அறிகுறிகளை முதலிலும், வேலையில் தோன்றும் கோளாறுகளைப் பின்னரும் எழுதுகிறேன்.

கண் உறுத்துகிறது, அல்லது ஏதோ தெறித்தது போல் இருக்கிறது

கம்பியை வெட்டும்போது துண்டாகும் நுனி மிகுந்த வேகத்துடன் தெறிக்கும். சுழலும் பித்தளைத் தூரிகையிலிருந்து கழன்று பறக்கும் இழைகளும் அவ்வாறே. கண்ணைக் கசக்க வேண்டாம். சுத்தமான நீரால் கழுவுங்கள். கழுவிய பின்னும் உறுத்தல் நீங்காவிட்டால், அல்லது துணுக்கு கண்ணில் குத்தி நிற்பதாகத் தோன்றினால், அதை எடுக்க முயலாமல் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே செல்லுங்கள். அமிலம் பட்டிருந்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 தொடக்கம் 20 நிமிடங்கள் வரை இடைவிடாமல் கழுவிய பிறகே புறப்பட வேண்டும்.

பார்வைக் குறைபாட்டுக்கு அணியும் சாதாரண மூக்குக் கண்ணாடி இதற்குப் பாதுகாப்பன்று. பக்கவாட்டிலிருந்து வருவதை அது தடுக்காது. பழைய சோனகத் தெருவில் உள்ள வன்பொருள் கடைகளில் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும்போது, சட்டத்திலோ வில்லையிலோ இஎன் 166 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது இசட்87 (அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) என்ற குறி பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதற்கு மேலாகவே அணியக்கூடிய அகன்ற வகையைக் கேட்டு வாங்கலாம். இத்துடன் ஒரு பழக்கமும் வேண்டும்: கம்பியின் வெட்டப்படும் முனையை மற்றக் கையின் விரலால் மூடிப் பிடித்து, குறட்டின் வாய் மேசையை நோக்கியிருக்குமாறு வெட்டுங்கள்.

பற்றவைத்த அன்றிரவு காய்ச்சலும் குளிரும் வருகின்றன, நெஞ்சு இறுகுகிறது

இந்த அறிகுறியை மிகுந்த அக்கறையுடன் பார்க்க வேண்டும். ஏனெனில் புகையைச் சுவாசித்த நேரத்தில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே உடல் சொல்லும். நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியையோ பித்தளையையோ அளவுக்கு மீறிச் சூடாக்கினால் நாகம் ஆவியாகி வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோகச் சுவை ஆகியவை தோன்றி, பொதுவாக ஓரிரு நாட்களில் தணியும். கட்மியம் என்ற உலோகம் கலந்த பற்றாசின் (இணைப்புகளை ஒட்டுவதற்கு உருக்கும் கலப்புலோகத்தின்) புகையும் தொடக்கத்தில் இதே அறிகுறிகளையே காட்டும், ஆனால் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடியது. இரண்டில் எது என்பதை வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. எனவே விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குச் சென்று, எந்த உலோகத்தை எந்தப் பற்றாசால் சூடாக்கினீர்கள் என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும்.

கட்மியம் 767 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. பற்றவைப்பு வேலையின் வெப்பநிலை அதற்கு மிக அருகில் இருப்பதால், சற்றே கூடுதலாகச் சூடாக்கினாலும் அது ஆவியாகிவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கட்மியத்தை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு நகைகளிலும் பற்றாசுகளிலும் அதைத் தடை செய்தது. நம்மவர்கள் கேடிஎம் என்று சொல்லிப் பழகியது கட்மியம் சேர்த்த பொற்பற்றாசையே. ஆகவே பட்டறைகளில் பொடி எனப்படும் பற்றாசை, பொதியில் பெயரும் உட்கூறும் எழுதப்படாமல் துண்டுக் கடதாசியில் மடித்துத் தந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கட்மியம் இல்லாதது என்று எழுத்தில் உறுதி தரும் பொதியை மட்டும் வாங்குங்கள். பழைய பட்டறையொன்றிலிருந்து அன்பளிப்பாகக் கிடைத்த பற்றாசுக்கும் இதுவே விதி.

முகக்கவசம் பற்றிய குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். துணிக் கவசமும், கோவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய சத்திரசிகிச்சைக் கவசமும் இந்த வேலைக்கு உதவா. என்95 வகை, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால், அரம் போடும்போதும் மெருகிடும்போதும் எழும் தூளை நன்றாகத் தடுக்கும். தாடி இருந்தால் அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். அமில ஆவியையும் வாயுக்களையும் அது தடுக்காது. புகைக்கு உரிய முதல் மருந்து காற்றோட்டமே. மேசையை யன்னல் ஓரம் போட்டு, சிறிய மின்விசிறியொன்றை வெளிப்புறம் நோக்கி யன்னலில் வைத்து, புகை உங்கள் முகத்தைக் கடக்காமல் வேலைப்பொருளிலிருந்து நேரே வெளியே போகும்படி செய்யுங்கள். சமைக்கும் குசினியில், புகைபோக்கி இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பற்றவைக்க வேண்டாம்.

விரல் சுட்டுவிட்டது, துணி, முடி, சங்கிலி சிக்கப் பார்த்தது

சுட்ட இடத்தை ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு ஆகிய எதையும் பூச வேண்டாம். வெள்ளி 300 பாகையில் இருந்தாலும் குளிர்ந்த வெள்ளியைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், நெருப்புப் பட்ட எதையும் நீரில் தோய்க்கும் வரை சாமணத்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

சுழலும் கருவியில் கையுறை அணியவே கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து அணியும் கையுறையை மெருகுச் சக்கரம் பற்றிக்கொண்டால், விரலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். விரல் நுனி சூடாவதற்குத் தோலாலான விரலுறையை, இழுத்தால் உடனே கழன்றுவிடும் அளவுக்குத் தளர்வாக அணியலாம். துப்பட்டா, முந்தானை, தாலிக்கொடி, காப்பு, தளர்ந்த கூந்தல் ஆகியவற்றைக் கட்டி ஒதுக்கியோ கழற்றியோ வைத்த பின்னரே மோட்டாரைத் தொட வேண்டும். சங்கிலியை ஒருபோதும் தொங்கவிட்டு மெருகிடாதீர்கள். மரப்பலகையில் சுற்றி, இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்தே மெருகிட வேண்டும். நெருப்பு வேலைக்கு நைலோன் கலந்த உடை ஆகாது, அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடையும், மடியைக் காக்கும் தடித்த துணி அல்லது தோல் மேலங்கியும், செருப்புக்குப் பதிலாக விரல்களை மூடும் பாதணியும் வேண்டும்.

வாள் அலகு அடிக்கடி முறிகிறது

தொடக்கத்தில் அலகுகள் முறிவது இயல்பு என்று சொல்லி விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பாதி மட்டுமே உண்மை. இடைவிடாமல் முறிந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் இலக்கத்தைப் பாருங்கள். அலகுகள் மிக நுண்ணிய 8/0 இலிருந்து 1/0 வரை படிப்படியாகப் பருத்து, பின்னர் 1, 2, 3 என மேலும் பருமனாகின்றன. தகட்டின் தடிப்புக்குள் கிட்டத்தட்ட இரண்டு பற்களாவது ஒரே நேரத்தில் படிய வேண்டும். பற்கள் அதைவிடப் பெரிதாக இருந்தால், தகட்டின் விளிம்பு இரு பற்களுக்கு இடையே விழுந்து மாட்டிக்கொள்ளும்; மாட்டியதை இழுக்கும்போது அலகு முறியும். 0.8 மில்லிமீற்றர் தகட்டுக்கு 2/0 அலகும், 0.5 மில்லிமீற்றர் தகட்டுக்கு 4/0 அலகும் நல்ல தொடக்கம். வன்பொருள் கடையில் மரம் அறுப்பதற்கென விற்கப்படும் பருமனான அலகு, பார்வைக்கு ஒத்திருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

இலக்கம் சரியாக இருந்தும் முறிந்தால், பற்களின் திசையை விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பற்கள் கீழே கைப்பிடியை நோக்கியிருக்கின்றன, அதுவே சரி. உறுத்தினால் அலகு தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பின்னர் இறுக்கத்தைச் சோதியுங்கள். வாள் சட்டத்தின் முனையை மேசை விளிம்பிலும் கைப்பிடியை உங்கள் நெஞ்சிலும் ஊன்றிச் சற்று அழுத்திப் பிடித்தபடி அலகின் மறுமுனையைப் பூட்டி, அழுத்தத்தை விட்டதும் நகத்தால் மீட்டினால் உயர்ந்த சுரத்தில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் அலகு வளையும், வளைந்து முறியும். அலகைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டு, சட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் அறுங்கள்; வளைவு வரும் இடத்தில் சட்டத்தைத் திருப்பாமல், அறுத்துக்கொண்டே தகட்டை மெதுவாகத் திருப்புங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முறிந்தால், குற்றம் மேசையில்தான். சாப்பாட்டு மேசை அறுப்பதற்கு மிகவும் தாழ்வானது. வேலைத்தளம் அமர்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஆப்பு வடிவில் வெட்டிய மரப்பலகையொன்றை மேசை விளிம்பில் இறுகப் பொருத்துங்கள். அந்தப் பலகைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது, அது தரும் மாற்றமோ மிகப் பெரியது.

குறடு பிடித்த இடமெல்லாம் தழும்பு விழுகிறது

மின்வேலைக்குரிய குறட்டைப் பாவிக்கிறீர்கள். அதன் வாயில் வெட்டியுள்ள பற்கள் வெள்ளியில் பதியும். வாய் வழவழப்பான தட்டைமூக்குக் குறடுகள் இரண்டு, உருண்டைமூக்குக் குறடு ஒன்று, ஒருபக்கம் தட்டையாக வெட்டும் குறடு ஒன்று ஆகியவை போதும். புதிய குறட்டின் வாய் விளிம்பும் கூர்மையாக இருக்கக்கூடும். நுண்ணிய எமரிக் கடதாசியால் அதை மழுங்கச் செய்யுங்கள். வெள்ளி வெட்டும் குறட்டால் உருக்குக் கம்பியை ஒரு தடவை வெட்டினாலும் வாயில் பள்ளம் விழுந்துவிடும், அதற்குப் பழைய குறடொன்றைத் தனியே வைத்திருங்கள். இணைப்பு வளையங்கள் வட்டம் கெட்டு நீள்வட்டமாகிப் போனால், நீங்கள் முனைகளை இடம் வலமாக இழுத்துத் திறக்கிறீர்கள் என்று பொருள். ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருகித் திறக்க வேண்டும்.

வளைக்கும்போது கம்பி வெடிக்கிறது

இதில் கருவியின் குற்றம் ஏதும் இல்லை. அடிக்க அடிக்கவும் வளைக்க வளைக்கவும் உலோகம் இறுகும். இறுகியதைக் காய்ச்சி இளக்க வேண்டும். 925 வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள கலப்புக்கு) ஏறத்தாழ 600 முதல் 650 பாகை போதும், அதாவது மங்கிய அறையில் மட்டுமே தெரியும் இளஞ்சிவப்பு. நண்பகல் வெயில் அடிக்கும் யன்னல் ஓரத்தில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தெரியும் வரை சூடாக்குபவர் உருக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடுவார். 925 வெள்ளி ஏறத்தாழ 800 பாகையிலேயே உருகத் தொடங்கும். திரையை இழுத்துவிட்டோ மாலை நேரத்திலோ இந்த வேலையைச் செய்யுங்கள்.

பற்றாசு ஓடாமல் உருண்டு நிற்கிறது

தொடக்கநிலையாளர்கள் அதிகம் மனம் தளரும் இடம் இதுதான். பற்றாசை மாற்றுவதற்கு முன்னர் கீழ்வரும் ஒழுங்கில் சோதியுங்கள்.

இணைப்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இடைவெளியால் ஒளி தெரிந்தால் பற்றவைக்க வேண்டாம். பற்றாசு இடுக்குக்குள் ஓடிப் பரவும், இடைவெளியை அடைக்காது. எனவே அரத்தால் முகங்களைச் சமப்படுத்தித் திரும்பவும் பொருத்துங்கள். அடுத்தது சுத்தம்: விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பற்றாசு ஓடாது என்பதால், இணைப்பையும் பற்றாசுத் துண்டையும் எமரியால் தேய்த்து, அதன்பின் விரலால் தொடாமல் வெண்காரம் (போராக்ஸ்) பூசுங்கள். சூடாகத் தொடங்கும்போது வெண்காரம் அப்பளம் போலப் பொங்கிப் பற்றாசைத் தூக்கி எறியக்கூடும். அதனால் முதலில் சுடரைத் தூரத்தில் வைத்து நீரை வற்றச் செய்யுங்கள். ஏறத்தாழ 740 பாகையில் வெண்காரம் உருகிக் கண்ணாடியாகத் தெளியும், உருகுநிலையில் நடுத்தரமான பற்றாசு ஓடும் நேரம் அநேகமாக அதுவே.

சுடரை எங்கே காட்டுகிறீர்கள் என்பதே மூன்றாவது சோதனை. பற்றாசின் மீதே சுடரைக் காட்டினால் அது தனியே உருகி உருண்டையாகும், சுற்றியுள்ள வெள்ளியோ சூடாகியிருக்காது. உருகிய பற்றாசு எங்கே அதிக வெப்பமோ அங்கேதான் ஓடும். ஆகவே முழுப் பொருளையும் வட்டமாகச் சூடாக்கி, கனமான பக்கத்துக்குக் கூடுதல் வெப்பம் கொடுத்து, கடைசியில் மட்டும் இணைப்புக்கு வாருங்கள்.

இவ்வளவும் செய்து ஓடாவிட்டால் சுடர் போதாது. கையடக்கப் பியூட்டேன் சுடர்விளக்கு மோதிரத்துக்கும் தோட்டுக்கும் போதும், காப்புக்குப் போதாது. பொருளை உலோகத் தட்டிலோ ஓட்டிலோ வைத்திருந்தால் அது வெப்பத்தைக் குடித்துவிடும். கரிக்கட்டி அல்லது தீச்செங்கல் மீது வையுங்கள். மேலே மின்விசிறி சுழல்கிறதா என்றும் பாருங்கள். கொழும்பின் புழுக்கத்தில் அதை நிறுத்த மனம் வராது, ஆயினும் சுழலும் காற்றில் சுடர் சிதறி, போதுமான விளக்கும் போதாததாகிவிடும்.

இதைவிடப் பெரிய சுடர் தேவைப்படும்போது வீட்டுச் சமையல் சிலிண்டரில் குழாய் பொருத்தும் எண்ணம் பலருக்கு வருகிறது. தொடர்மாடியில் அதைச் செய்யவே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவித் தேங்கும். தோட்டு, மோதிர அளவில் வேலையை வைத்துக்கொண்டு, பெரிய பொருளைச் செட்டியார் தெருவை அண்டிய ஒழுங்கைகளில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம் கூலி கொடுத்துப் பற்றவைத்துக்கொள்வதே அறிவுடைமை. அவர் ஊதுகுழலைப் பிடிக்கும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பதும் பெரும் பாடம். பியூட்டேன் விளக்கை நன்றாக ஆறிய பின்னரே, எந்த நெருப்பும் இல்லாத இடத்தில் நிரப்ப வேண்டும். அருகில் தீயணைப்பானோ வாளி மணலோ இருக்கட்டும். தீ கைமீறினால் 110 தீயணைப்புச் சேவையின் இலக்கம்.

அமிலக் கரைசலிலிருந்து எடுத்த வெள்ளி செம்பு நிறமாகிவிட்டது

பற்றவைத்த பின் கறையையும் வெண்காரத்தையும் நீக்கும் கரைசலுக்குள் இரும்புச் சாமணம் போயிருக்கிறது. கரைசலில் ஏற்கெனவே கரைந்துள்ள செம்பு, இரும்பு பட்டவுடன் வெள்ளியின் மேல் படியும். பொருளைக் கட்டிய இரும்புக் கம்பியும் இதே தீங்கைச் செய்யும். மேற்படலத்தை நுண்ணிய எமரியால் நீக்கலாம். இனிமேல் செம்பு, பிளாஸ்டிக் அல்லது மூங்கில் சாமணம் பாவியுங்கள். வீட்டில் செய்பவர்களுக்குக் கந்தக அமிலம் தேவையில்லை. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலம் சேர்த்தால் போதும், சற்று மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். புளிக்கரைசலும் நம் பட்டறைகளில் நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்டதே. எந்த அமிலமானாலும் நீருக்குள் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்துக்குள் நீரைச் சேர்க்கக் கூடாது. சூடான பொருளை நேரே கரைசலில் போட்டால் அமிலத் துளிகள் முகத்தில் தெறிக்கும். முதலில் நீரில் ஆற்றிவிட்டுப் போடுங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது.

அரம் வெட்டாமல் வழுக்குகிறது

அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பற்கள் மழுங்கும். பற்களுக்குள் உலோகத்தூள் அடைத்திருந்தால் பித்தளைத் தூரிகையால் வெட்டுக்களின் போக்கிலேயே துலக்கி, சுண்ணக்கட்டி தேய்த்துவிடுங்கள். ஈயம் தொட்ட அரத்தால் வெள்ளியைத் தொடாதீர்கள். அந்தத் தூள் ஒட்டியிருக்கும் வெள்ளி சூடாகும்போது குழி விழும். கைப்பிடி பூட்டாத அரம் உள்ளங்கையில் குத்தும்.

மோட்டார் அளவு மீறிக் கூவுகிறது, கருகிய வாடை வருகிறது

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த கருவியா என்று முதலில் பாருங்கள். அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. முளையை மாற்றும் இணைப்பி மின்னழுத்தத்தை மாற்றாது. மோட்டார் சிறிது நேரத்தில் எரிந்துவிடும். உடனே நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் மறுபடி பூட்டாதீர்கள். பிரித்தானியாவிலிருந்து வந்த கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நீங்களே செய்த தோடு காதில் அரிக்கிறது

ஜேர்மன் வெள்ளி என்று விற்கப்படும் கம்பியில் வெள்ளியே இல்லை. அது செம்பும் நிக்கலும் நாகமும் சேர்ந்த கலப்பு. நிக்கல் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். காதுக்குள் போகும் பகுதியை 925 வெள்ளியில் செய்யுங்கள்.

கருவிகள் துருப்பிடிக்கின்றன, வெள்ளி கறுக்கிறது

காலி வீதிக்குக் கடற்பக்கமாக வாழ்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாத தொல்லை. உப்புக்காற்று உருக்கை ஓரிரு வாரங்களில் தீண்டிவிடும். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் வையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் உப்பைவிடக் கந்தகச் சேர்மங்களே. ஆகவே இறப்பர் வளையத்தால் கட்டி வைத்த வெள்ளியில், இறப்பர் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருப்பதைக் காண்பீர்கள். இறுக்கி மூடும் சிறிய பிளாஸ்டிக் உறையில், காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே வைத்தால் போதும்.